குடைமிளகாய்ப் பசுமைக்குடிலில் அசுவினி: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுகிறவர்கள் அசுவினி (செடியின் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, ஏஃபிட்) என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. முதலில் எந்த வரிசையில் பார்த்தீர்கள்? இலை எந்தப் பக்கம் சுருள்கிறது? போன தடவை அடித்தது என்ன? செடியில் எறும்பு ஏறுகிறதா? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். பல குடில்களில் கோளாறு மருந்தில் இருப்பதில்லை. கதவிலோ, வலையிலோ, தெளிக்கும் கையிலோ, உரத்தொட்டியிலோ இருக்கிறது.

வெளிவயலில் நல்ல மழை ஒன்று பெய்தால் அசுவினி பாதி கழுவிப்போகும், மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். குடிலுக்குள் மழை கிடையாது. வலை பொறிவண்டையும் வெளியே நிறுத்திவிடுகிறது. சிறகுள்ள ஒரே ஒரு பெண் அசுவினி உள்ளே நுழைந்தால் போதும், ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். வெதுவெதுப்பான நாட்களில் அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும். போன வாரம் நாலு செடியில் இருந்தது இந்த வாரம் நாலு வரிசையில் இருப்பது இப்படித்தான்.

கீழே உள்ளதைக் குடைமிளகாயை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெள்ளரி, ரோஜா, சாமந்திக்கும் பெரும்பாலும் பொருந்தும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போங்கள்.

## முதலில்: இது அசுவினிதானா?

நுனிக்கொழுந்துக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து, கொழுந்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்ததை லென்ஸில் பாருங்கள்.

- பேரிக்காய் வடிவ உடல், மெதுவான நடை, பின்புறம் மேல்நோக்கி நீட்டிய இரண்டு சிறு குழாய்கள்: அசுவினி. நிறத்தை நம்பாதீர்கள். வெளிர்மஞ்சளில் இருந்து கரும்பச்சை வரை இருக்கும், ஒரே இலையில் இரண்டு நிறமும் இருக்கும். ரோஜா மொட்டில் பச்சையும் இளஞ்சிவப்பும் உண்டு. சாமந்தியில் கரும்பழுப்பாகப் பளபளக்கும்.
- மெல்லிய கோடு போன்ற உடல், விறுவிறுவென்று ஓட்டம்: இலைப்பேன்.
- தட்டியதும் வெள்ளையாகப் பறந்து எழுந்தால்: வெள்ளை ஈ.
- கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, கொழுந்து மட்டும் கோணிக்கிடக்கிறது: வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய முரணைச் சிலந்தியாக இருக்கலாம். அடுத்த பகுதியைப் பாருங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. அசுவினி வளரும்போது நாலு முறை தோல் உரிக்கும். அந்த வெள்ளைத் தோல் கீழ் இலைகளின் மேல் தவிடு தூவியதுபோல் கிடக்கும். தூரத்தில் இருந்து பார்ப்பவர் வெள்ளை ஈ என்று நினைத்து, வெள்ளை ஈக்கான மருந்தை வாங்கிவந்துவிடுகிறார். ஒரு சிட்டிகை எடுத்து ஊதிப்பாருங்கள். வெற்றுத் தோல் பறந்துபோகும். அப்புறம் அதற்கு நேர் மேலே இருக்கும் இலையைத் திருப்பினால் ஆள் அங்கே இருப்பார்.

## அறிகுறி 1: நுனி இலை சுருள்கிறது

இலை மேல்நோக்கிப் படகுபோல் மடங்குகிறது, ஓரம் வெள்ளிநிறமாக இருக்கிறது. இலைப்பேன். இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

இலை கீழ்நோக்கிக் கவிழ்கிறது, காம்பு நீள்கிறது, கொழுந்து விறைத்துச் சிறுத்துப்போகிறது, பிசுபிசுப்பு இல்லை. முரணைச் சிலந்தி. இதற்கு அசுவினி மருந்து அடித்தால் பணமும் வீண், ஒரு வாரமும் வீண். சிலந்திக்கென்று இருக்கும் மருந்துதான் கேட்கும்.

இலை கோணல்மாணலாகச் சுருங்கி, அடியில் கூட்டம் கூட்டமாகப் பூச்சி, தொட்டால் ஒட்டுகிறது. அசுவினி. இதற்கான காரணங்களை எளியதிலிருந்து பாருங்கள்:

*நாற்றோடு வந்ததா?* நட்டு மூன்று வாரத்துக்குள் பல இடங்களில் சிதறிச் சிதறித் தெரிந்தால் நாற்றங்காலில் இருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியில் இருந்து நுழைந்தது என்றால் கதவோரம், வலையோரம் தொடங்கும். நாற்றோடு வந்தது குடில் நடுவிலும் இருக்கும். அடுத்த முறை குழித்தட்டு நாற்று வண்டியில் இருந்து இறங்கியதும், குடிலுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே வைத்து, தட்டுக்குப் பத்து நாற்று வீதம் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு தட்டில் இருந்தாலும் அந்த லோடு முழுவதையும் சோப்புக் கரைசலில் நனைத்த பிறகே உள்ளே விடுங்கள்.

*தழைச்சத்து அதிகமா?* கொழுந்து கரும்பச்சையாக, நீர் கோத்து, விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிகிறதா? கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டிருக்கிறதா? அப்படியானால் சொட்டுநீர் உரத்தில் தழைச்சத்து கூடியிருக்கிறது. மெத்தென்ற கொழுந்தில் அசுவினி வேகமாகப் பெருகும். யூரியா போடுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். காய் பிடித்த செடிக்கு 19:19:19-ஐயே (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால், சாம்பல்சத்து கூடிய 13:0:45 பக்கம் மாறவேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள். கால்சியம் நைட்ரேட்டிலும் தழைச்சத்து இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். அளவு புரியவில்லை என்றால் மண், இலை பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் சரி. மனக்கணக்கில் குறைத்தால் காய் எடை விழும்.

*நாலைந்து செடியில் மட்டும் இருக்கிறதா?* மருந்து வேண்டாம். கையோடு ஒரு பாலித்தீன் பையைக் கொண்டுபோய், அடர்ந்த இலைகளைப் பைக்குள்ளேயே கிள்ளிப்போட்டு, வாயைக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். கவாத்துக் கழிவை வரிசை இடையில் போட்டால், இலை வாடியதும் அசுவினி இறங்கிப் பக்கத்துச் செடியில் ஏறும். மீதி இருப்பதைத் தண்ணீர் பீய்ச்சி அடியிலிருந்து மேல்நோக்கிக் கழுவுங்கள். காலையில் செய்யுங்கள், மதியத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். சாயங்காலம் கழுவினால் இரவெல்லாம் ஈரம் நின்று பூசண நோய்க்கு வழிவிடும்.

## அறிகுறி 2: இலையும் காயும் பிசுபிசுக்கிறது, கருப்புப் படலம் படிகிறது

பளபளவென்று ஒட்டும் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். தேன்கழிவு, அதாவது சாறு உறிஞ்சும் பூச்சி விடும் இனிப்புக் கழிவு, மேலிருந்து கீழே சொட்டுவது. ஒட்டும் இலைக்கு மேலே இரண்டு, மூன்று இலைகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே அசுவினி இல்லாவிட்டால் வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவையும் இதே கழிவை விடும்.

கருப்புப் படலத்தை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். துடைத்தால் வந்துவிட்டால் அது கரும்பூசணம். தேன்கழிவின் மேல் வளர்வது, செடிக்குள் போவதில்லை. இதற்குத் தனியாகப் பூசணக்கொல்லி தேவையில்லை. அசுவினி நின்றால் இதுவும் நின்றுவிடும். துடைத்தும் போகாமல், இலைத்திசுவே கருத்திருந்தால் வேறு நோய். அந்த இலையைத் தனியாக எடுத்துவைத்து யாரிடமாவது காட்டுங்கள்.

காயில் படிந்ததை அறுவடைக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, பெட்டியில் அடுக்குங்கள். செடியிலேயே துடைக்கப் போனால் காம்பு ஒடிகிறது.

## அறிகுறி 3: ஒரு ஓரத்தில், ஒரு மூலையில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது

நுழைவாசல் அங்கேதான் இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. கதவு. இரட்டைக் கதவு வைத்திருப்பார்கள், ஆனால் அறுவடை நாளில் கிரேட் கொண்டுபோக வசதியாக இரண்டையும் கல் வைத்துத் திறந்துவிடுவார்கள். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். அவ்வளவுதான், செலவே இல்லை.
2. வலைக்கும் மண்ணுக்கும் இடையில். பக்கத்திரையின் கீழ் ஓரத்தில் எலி கடித்த ஓட்டை, மண் அரித்த சந்து. மதிய வெயிலில் குடிலுக்குள் நின்றுகொண்டு வெளிப்பக்கம் பாருங்கள், ஓட்டை வெளிச்சப் புள்ளியாகத் தெரியும்.
3. வலையின் கண். நம் பக்கம் பெரும்பாலும் 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலைதான் போடுகிறார்கள். சில இடங்களில் பழுதான பகுதிக்கு நிழல்வலையை வைத்துத் தைத்திருக்கிறார்கள். நிழல்வலை பூச்சியைத் தடுக்காது.
4. வெளியே என்ன இருக்கிறது. அந்த ஓரத்துக்கு நேர் வெளியே வெண்டை, கத்தரி, பூசணி, செம்பருத்தி இருக்கிறதா? குடைமிளகாய்க்கு வரும் பருத்தி அசுவினி இவற்றில் எல்லாம் இருக்கும். களைகளில் மணத்தக்காளி, கானாவாழை, கீரைக்களை மூன்றையும் கவனியுங்கள். குடிலைச் சுற்றி இரண்டு, மூன்று மீட்டர் அகலத்துக்குச் செடியே இல்லாமல் வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு எச்சரிக்கை: களையைப் பிடுங்குவது என்றால் பயிர் நடுவதற்கு முன்பே பிடுங்குங்கள். பயிர் நிற்கும்போது அசுவினி மொய்த்த களையைப் பிடுங்கிப் போட்டால், சிறகு முளைத்தவை எல்லாம் பக்கத்தில் இருக்கும் பச்சையைத் தேடி உங்கள் வலைக்குத்தான் வரும். பயிர் நடுவில் செய்தே ஆகவேண்டும் என்றால் முதலில் களையின் மேல் சோப்புக் கரைசல் அடித்துவிட்டு, மறுநாள் பிடுங்குங்கள்.

மஞ்சள் ஒட்டுப்பொறியைக் கதவோரம் இரண்டு, வலையோரம் சில, நடுவில் சில என்று செடி நுனிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை எங்கே அதிகம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பொறியில் ஒட்டுவது சிறகுள்ளவை மட்டும்தான். அது உங்களுக்கு வழி காட்டும் கருவி. அசுவினியை ஒழிக்கும் கருவி என்று நினைத்து நூறு அட்டை தொங்கவிட்டுவிட்டு இலையைத் திருப்பிப் பார்ப்பதையே மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வலை பழையதாகி, தொட்டால் நூல் பிரிகிறது என்ற நிலை வந்துவிட்டால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. குடில் போட்டுத்தருபவரைக் கூப்பிட்டுப் பக்கத்திரையை மாற்றவேண்டியதுதான். வலையை நெருக்கமான கண்ணுக்கு மாற்ற நினைத்தால் காற்றோட்டம் எவ்வளவு குறையும் என்று அவரிடமே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் உள்ளே வெந்துபோனால் பூ உதிரும்.

## அறிகுறி 4: மருந்து அடித்தும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறது

என்னிடம் அதிகம் வருவது இந்தக் கேள்விதான். "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்.

அ. இலையின் அடி நனைகிறதா?

முதல் சந்தேகம் இதுதான், பெரும்பாலும் காரணமும் இதுதான். குடைமிளகாயை இரட்டைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றிய பிறகு, இலை ஒன்றன் மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தாற்போல் நிற்கும். மேலிருந்து தெளிப்பான் கன்னைப் பிடித்து அடித்தால் மேற்பரப்பு குளித்துவிடும், அடி காய்ந்தே இருக்கும். அசுவினி இருப்பது அடியில்.

சோதித்துவிடலாம். துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கலந்து டேங்க்கில் ஊற்றுங்கள். நடு உயரத்தில் இருக்கும் சில இலைகளின் அடியில் வெள்ளைத்தாள் துண்டுகளைக் கிளிப்பால் மாட்டுங்கள். தெளிக்கும் ஆளிடம் சொல்லாமல், வழக்கம்போல் ஒரு வரிசை அடிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக நீலம் நெருங்கி விழுந்திருந்தால் சரி. வெள்ளையாகவே இருந்தால் உங்கள் மருந்து முழுவதும் வரிசை நடுவில் தரையில் இருக்கிறது.

சரிசெய்வது எப்படி: நாசிலை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். வரிசையின் இரண்டு பக்கமும் நடந்து அடிக்க வேண்டும். தேய்ந்த நாசில் பெரிய துளியாகக் கொட்டும், அதை மாற்றிவிடுங்கள். அடிப்பதற்கு முன்பே கவாத்து செய்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகும். தெளிக்கும் தொழிலாளிக்கு அவசரம் காட்டாதீர்கள். காலை ஒரு வேளையில் குடில் முழுவதும் முடிக்கச் சொன்னால் அவர் மேலோட்டமாகத்தான் அடிப்பார்.

ஆ. தண்ணீர் சரியா?

சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் அடிக்கிறவர்களுக்கு இது முக்கியம். ஒரு கண்ணாடி பாட்டிலில் உங்கள் போர் தண்ணீரை எடுத்து, சோப்பை அளவாகக் கலந்து குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். மேலே தயிர்த்திரி போல் மிதந்தால் தண்ணீர் கடினமானது, சோப்பு வீணாகிவிட்டது. மழைநீரோ சுத்திகரித்த நீரோ பிடித்து அதில் கலக்குங்கள். வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் மருந்துகளைக் காரத்தன்மை கூடிய தண்ணீரில் கலந்து வைத்துவிட்டு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அடித்தால் வேகம் குறைந்திருக்கும். கலக்கினால் உடனே அடித்து முடித்துவிடுங்கள்.

இ. மறுதடவை எப்போது அடித்தீர்கள்?

சோப்பும் எண்ணெயும் பட்டதை மட்டும் கொல்லும், காய்ந்தபின் வேலை செய்யாது. தப்பித்த தாய் மறுநாளே குட்டி போடும். அதனால் நாலைந்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவை அடித்துவிட்டு "இயற்கை மருந்து கேட்காது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேப்ப சோப்பும் புங்க சோப்பும் இந்தப் பக்கம் கிடைக்கின்றன. பொட்டலத்தில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். சொந்தமாகத் தயாரிப்பவர்கள் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற 5 சதவீதக் கரைசலை நன்றாக வடிகட்டி, காதி சோப்புச் சேர்த்து அடிக்கலாம். சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும்.

குடிலின் ஈரப்பதம் நமக்குச் சாதகமாகும் ஒரு இடமும் உண்டு. வெர்டிசிலியம் லெகானி என்ற பெயரில் கிடைக்கும் பூசணப் பொடியை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு அடித்தால் அசுவினிமேல் வளர்ந்து அதைக் கொல்லும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பூசணக்கொல்லி அடிக்கக்கூடாது, அடித்தால் இதுவும் செத்துவிடும்.

ஈ. அசுவினி சாகவில்லையா, சாப்பிடாமல் நிற்கிறதா?

ஃப்ளோனிகாமிட், பைமெட்ரோசின் போன்ற மருந்துகள் அசுவினியை உடனே கீழே தள்ளாது. சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிடும்; பூச்சி பட்டினியில் சில நாள் கழித்துச் சாகும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் இலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கேட்கவில்லை என்று நினைத்து வேறொன்றை அடித்துவிடுகிறார்கள். புதிதாகத் தேன்கழிவு விழுகிறதா என்று பாருங்கள். ஒரு கீழ் இலையைத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தொட்டுப்பாருங்கள். பிசுபிசுப்பு இல்லை என்றால் மருந்து வேலை செய்கிறது. பொறுத்திருங்கள்.

உ. மருந்தை மாற்றினீர்களா, பெயரை மட்டும் மாற்றினீர்களா?

இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், அசிட்டாமிபிரிட். மூன்றும் மூன்று டப்பாவில், மூன்று கம்பெனி பெயரில் வரும். ஆனால் மூன்றும் ஒரே குடும்பம், அசுவினியின் உடலில் ஒரே இடத்தைத்தான் தாக்கும். ஒன்றுக்குத் தப்பிப் பழகிய கூட்டம் மற்ற இரண்டுக்கும் தப்பிக்கும். இந்த மூன்றை மாற்றி மாற்றி அடிப்பது சுழற்சி ஆகாது. லேபிளில் செயல்முறைக் குழு எண் இருக்கும். இவை மூன்றும் 4ஏ. ஃப்ளோனிகாமிட் 29. ஸ்பைரோடெட்ராமேட் 23. எண் மாற வேண்டும், அதுதான் மாற்றம். உங்கள் தெளிப்பு நோட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதிவையுங்கள்.

பைரித்திராய்டு வகைகளை அசுவினிக்கு நான் சொல்வதே இல்லை. அடித்தவுடன் பொத்பொத்தென்று விழுவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். உள்ளே தப்பித்தவறி வந்திருந்த நல்ல பூச்சிகளும் அதோடு போய்விடும். இரண்டு வாரத்தில் அசுவினியும் சிலந்தியும் சேர்ந்து எழும்பும்.

எதை வாங்கினாலும், உங்கள் பயிருக்கு லேபிளில் அனுமதி இருக்கிறதா, அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வாரம் ஒரு பறிப்பு நடக்கும் பயிரில் காத்திருப்பு நாள் நீண்ட மருந்து ஒத்துவராது.

யாரைக் கூப்பிடுவது: அடி நனைகிறது, தண்ணீர் சரி, குழு எண் மாற்றியாயிற்று, பத்து நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை. இந்த நிலையில் மூன்றாவது மருந்துக்குப் போகாதீர்கள். அது எதிர்ப்புத்திறன் வந்த கூட்டமாக இருக்கலாம். இலையோடு கொஞ்சம் அசுவினியைக் காகிதப்பையில் எடுத்துக்கொண்டு, தெளிப்பு நோட்டையும் சேர்த்து, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். உடனே ஆலோசனை வேண்டும் என்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். நோட்டு இல்லாமல் போனால் யார் வந்தாலும் இருட்டில்தான் தேட வேண்டும்.

## அறிகுறி 5: செடியில் எறும்பு ஏறி இறங்குகிறது

எறும்பு தேன்கழிவைத் தேடி வருகிறது. அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டும் காவல் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. எறும்பு எந்தச் செடியில் ஏறுகிறதோ அந்தச் செடியில் அசுவினி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தேடும் வேலை மிச்சம். புற்றை மேட்டுப்பாத்தி ஓரத்திலும் சொட்டுக்குழாய் அடியிலும் தேடி அங்கேயே முடியுங்கள். கட்டும் கயிறு வழியாகவும் ஏறும் என்பதால் தண்டை மட்டும் பார்த்தால் போதாது.

## அறிகுறி 6: இலையில் தேமல், காயில் வளையம், செடி குட்டை

இதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக, நரம்போரம் பட்டையாக, நுனி இலை குறுகி, காய் மேடுபள்ளமாக வந்தால் வெள்ளரித் தேமல் வைரசோ அந்த மாதிரி அசுவினி கொண்டுவரும் வேறொரு வைரசோ இருக்கலாம். முதலில் எளிய காரணங்களைத் தள்ளிவிடுங்கள்.

*சத்துக் குறையா?* அடி இலையில் தொடங்கி எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி மஞ்சளானால், அல்லது நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி சீராக மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம், இரும்புக் குறையைப் பாருங்கள். வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் இளம் இலையில் தெரியும்.

*களைக்கொல்லி காற்றில் வந்ததா?* ஒரே நாளில் ஒரு ஓரம் முழுவதும் இலை நீண்டு முறுக்கினால் பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள் என்று விசாரியுங்கள்.

*வேறு பூச்சியின் வைரசா?* இலைப்பேனும் வெள்ளை ஈயும் கொண்டுவரும் வைரஸ்கள் தனி. கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்பது: "என் குடிலில் அசுவினியே இல்லை, தேமல் எப்படி வந்தது?" நியாயமான கேள்வி. இந்த வகை வைரஸ் பரவ அசுவினி உங்கள் செடியில் குடியேற வேண்டியதே இல்லை. பக்கத்து அவரைக்காட்டில் இருந்து பறந்து வந்த கருப்பு அசுவினி ஒன்று உள்ளே நுழைந்து, இலையில் ஊசியைக் குத்தி ருசி பார்த்து, இது நமக்கு ஆகாது என்று கிளம்பிவிடும். அந்தச் சில நொடிக் குத்தலே வைரசை ஏற்றப் போதும். அது அடுத்தடுத்த செடிகளையும் அப்படியே ருசி பார்க்கும். அதனால்தான் தேமலைப் பார்த்த பிறகு பூச்சிமருந்து அடிப்பது கைகொடுப்பதில்லை: மருந்து வேலை செய்து பூச்சி சாவதற்குள் குத்தல் முடிந்துவிடும். வைரசுக்கு மருந்தும் கிடையாது. இங்கே காப்பது வலை, கதவு, களை மூன்றும்தான்.

செய்ய வேண்டியது:

1. சந்தேகச் செடிக்கு உடனே ரிப்பன் கட்டுங்கள்.
2. அதில் அசுவினி இருந்தால் முதலில் அவற்றைச் சோப்புக் கரைசலால் கொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது பிடுங்கினால் உதிர்ந்து பக்கத்துச் செடிக்கு ஏறும்.
3. நின்ற இடத்திலேயே பெரிய பையைக் கவிழ்த்து மூடி, அடியில் வெட்டி, கட்டி வெளியே கொண்டுபோய் எரியுங்கள் அல்லது புதையுங்கள். வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.
4. கவாத்துக் கத்தரியைச் செடிக்குச் செடி சோப்பு நீரில் கழுவுங்கள். கையாலும் கத்தரியாலும் பரவும் வேறு தேமல் வைரஸ்களும் குடைமிளகாயில் உண்டு. அன்றைக்கு ரிப்பன் கட்டிய வரிசைகளை வேலையின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டு ஒன்றரை மாதத்துக்குள் சில செடிகளில் வந்தால் தயங்காமல் பிடுங்குங்கள். அந்தச் செடி உங்களுக்கு நல்ல காய் தரப்போவதில்லை. பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டிவிட்டால் சொந்த முடிவு வேண்டாம். இளம் இலை மாதிரியை வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறைக்கோ அருகில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொடுத்து எந்த வைரஸ் என்று உறுதி செய்துகொண்டு, பயிரை வைத்திருப்பதா அழிப்பதா என்று அவர்களோடு பேசி முடிவெடுங்கள்.

## அறிகுறி 7: சில அசுவினிகள் உப்பி, பழுப்பாக, அசையாமல் இருக்கின்றன

நல்ல செய்தி. குண்டூசித் தலை அளவு உருண்டையாக, பொன்பழுப்பு நிறத்தில், இலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். லென்ஸில் பார்த்தால் சிலவற்றின் முதுகில் கத்தரித்தாற்போல் வட்ட ஓட்டை தெரியும். ஒட்டுண்ணிக் குளவி அசுவினிக்குள் முட்டையிட்டு, குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து வெளியேறிய வழி அது. ஓட்டை இல்லாத உருண்டைக்குள் இன்னும் குளவி இருக்கிறது.

மெல்லிய நூல்காம்பின் நுனியில் நிற்கும் சிறு முட்டைகளைப் பார்த்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது. துடைத்துவிடாதீர்கள். கருப்பு உடலில் வெளிர்ப்புள்ளிகளோடு நீளமாக ஓடும் புழு பொறிவண்டின் குஞ்சு. இதைத் தீமை செய்யும் புழு என்று நசுக்குகிறவர்களைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

இவை இருந்தால் எந்த மருந்தும் அடிப்பதற்கு முன் ஒரே இடத்து இலைகளில் அசுவினியை எண்ணி எழுதி, நாலு நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். குறைந்திருந்தால் கைவைக்காதீர்கள். கூடியிருந்தால் அடர்ந்த இடத்தில் மட்டும் சோப்புக் கரைசல். விலைக்கு வாங்கி விட நினைப்பவர்கள் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையத்தில் விசாரிக்கலாம், ஓசூரில் இருந்து பக்கம்தான். குடிலில் அண்மையில் அடித்த மருந்துகளின் பட்டியலைக் காட்டி, எத்தனை நாள் கழித்து விடலாம் என்று கேட்டு வாங்குங்கள். மருந்து வாசம் போகாத குடிலில் விட்டால் ஒரே நாளில் செத்துவிடும்.

## அறிகுறி 8: தெளித்த பிறகு இலை ஓரம் கருகுகிறது, பூ உதிர்கிறது

*வெயிலில் அடித்தீர்களா?* வேப்பெண்ணெயும் சோப்பும் மதிய வெப்பத்தில் இலையைக் கருக்கும். காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலை.

*கந்தகம் அடித்து எத்தனை நாள்?* சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் எதுவும் அடிக்காதீர்கள். ரோஜாக் குடில்களில் இந்தக் கருகல் அடிக்கடி வருகிறது.

*எத்தனை மருந்தைச் சேர்த்துக் கலந்தீர்கள்?* பூச்சிமருந்து, பூசணமருந்து, நுண்ணூட்டம் மூன்றையும் ஒரே டேங்க்கில் ஊற்றியிருந்தால் எது கருக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாக எதை அடித்தாலும் முதல் நாள் பத்துச் செடியில் மட்டும் அடித்துவிட்டு, இரண்டு நாள் பார்த்த பிறகு குடில் முழுவதும் அடியுங்கள்.

கருகிய செடிக்கு உடனே உரமோ டானிக்கோ கொடுக்காதீர்கள். தண்ணீரை மட்டும் சீராகக் கொடுங்கள், புதுக்கொழுந்து வரும்.

செடியைவிட முக்கியம் தெளிக்கும் ஆள். குடிலுக்குள் காற்று வெளியே போகாது, மருந்து மூட்டம் நின்றுகொண்டே இருக்கும். பக்கத்திரையைச் சுருட்டிவிட்டு, முகக்கவசம், கையுறை போட்டு, உள்ளிருந்து கதவை நோக்கிப் பின்னால் நடந்தபடி அடிக்கச் சொல்லுங்கள். இலை காயும்வரை, லேபிளில் அதைவிட அதிக நேரம் போட்டிருந்தால் அதுவரை, கவாத்துக்கும் பறிப்புக்கும் யாரும் உள்ளே போகவேண்டாம். தலைச்சுற்றல், வாந்தி, கண் மங்கல், மூச்சுத்திணறல் எது வந்தாலும் வெளியே கொண்டுவந்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவைக் கூடவே எடுத்துப்போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

## அறிகுறி 9: பயிரை எடுத்துவிட்டுப் புதிதாக நட்டும் உடனே வந்துவிட்டது

பழைய பயிரைப் பிடுங்கிய அன்றே நிலத்தைத் தயார்செய்து மறுவாரம் நட்டிருப்பீர்கள். தூண் அடியில் தானாக முளைத்த குடைமிளகாய், குடில் மூலையில் நின்ற ஒற்றைக் கீரைச்செடி, கதவருகே அலங்காரத்துக்கு வைத்த செம்பருத்தித் தொட்டி: இவற்றில் ஒன்று போதும். பயிர் எடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை சோப்புக் கரைசல் அடித்து, செடிகளை வெளியே கொண்டுபோய், உள்ளே ஒரு பச்சை இலைகூட இல்லாமல் செய்து, கதவையும் திரைகளையும் மூடி வெயிலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். கோடையில் ஒரு வாரத்திலேயே வேலை முடியும், மழைக்காலத்தில் மூன்று வாரம் விடுவது நல்லது. அந்த இடைவெளியிலேயே பூச்சி வலையை இருபக்கமும் கழுவி, ஓட்டைகளைத் தைத்து, கதவின் ரப்பர் பட்டையை மாற்றிவிடுங்கள். நாற்றுக்கு முன்பணம் கொடுக்கும் தேதியை இந்த நாட்களையும் சேர்த்துக் கணக்குப்போட்டே முடிவுசெய்யுங்கள்.